பிள்ளைகளுக்கு மூளை ரத்தக்குழாய் வீக்கம்: கேள்விகளும் நரம்பியல் அறுவை மருத்துவரின் பதில்களும்

குளச்சலில் இருந்து ஒரு தாய்: டாக்டர், மகனுக்குப் பத்து வயசு. மூளைக் குழாயில் பெரிய வீக்கமாம். கிளிப் போட முடியாதுன்னு சொல்லிட்டாங்க. ஏன்?

கிளிப் என்பது வீக்கத்தின் கழுத்தில் மாட்டும் சின்னக் கவ்வி. கழுத்து இருந்தால்தானே அம்மா மாட்ட? பெரியவர்களுக்குப் பெரும்பாலும் குழாய் பிரியும் இடத்தில் கொப்புளம் போலப் புடைக்கும். பிள்ளைகளுக்குப் பல நேரம் குழாயின் சுவரே உள்ளுக்குள் கிழிந்து, அந்த நீளம் முழுக்க உப்பிவிடும். 25 மில்லிமீட்டரைத் தாண்டும் ராட்சத வீக்கமும் பெரியவர்களைவிடப் பிள்ளைகளிடம்தான் விகிதத்தில் அதிகம்.

அப்போது கெட்ட பகுதியை அடைத்துவிட்டு, அதை நம்பியிருந்த மூளைக்கு வேறு வழியில் ரத்தம் கொடுக்க வேண்டும். அதுதான் பைபாஸ். காதுக்கு முன்னால் விரல் வைத்தால் ஒரு குழாய் துடிக்குமே, அதை மண்டையோட்டுத் திறப்பு வழியாக உள்ளே கொண்டுபோய், ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள மூளைக் குழாயோடு, முடியைவிட மெல்லிய நூலால், மைக்ரோஸ்கோப்பில் பார்த்துத் தைப்பார்கள். அந்த ரத்தம் போதாது என்றால் கையிலிருந்தோ காலிலிருந்தோ குழாய் எடுத்து இணைப்பார்கள்.

மார்த்தாண்டம் வாசகர்: தொடை வழியா ஸ்டென்ட் வெச்சா தலையைத் திறக்க வேண்டாமே?

ஸ்டென்ட் என்பது குழாய்க்குள் வைக்கும் வலை போன்ற சின்னக் குழல். சில பிள்ளைகளுக்கு அதுவே நல்ல வழி. ஆனால் ஸ்டென்ட் வைத்தால் ரத்தம் உறையாமல் இருக்கப் பல மாதம் மாத்திரை வேண்டும். வீக்கம் இப்போதுதான் வெடித்திருந்தால் அது ஆபத்து. பிள்ளை வளரும், ஸ்டென்ட் வளராது. பைபாஸ், ஸ்டென்ட் இரண்டு வழியும் செய்கிற குழு ஒன்றாக உட்கார்ந்து முடிவெடுக்கும் இடத்துக்குப் போங்கள். ஒரு வழி மட்டும் தெரிந்தவரிடம் கேட்டால் அதைத்தான் சொல்வார்.

தக்கலை வாசகர்: இதய வால்வில் கிருமி தாக்கி, அதனால மூளையில வீக்கம். உடனே ஆபரேஷனா?

வெடிக்காவிட்டால் பெரும்பாலும் முதலில் ரத்தக்குழாய் வழியாக ஏற்றும் ஆன்டிபயாடிக், வாரக்கணக்கில். இடையிடையே ஆஞ்சியோ, அதாவது ரத்தக்குழாயைக் காட்டும் படம், எடுத்துப் பார்ப்பார்கள். சுருங்கினால் நல்லது, பெருத்தால்தான் அடுத்த யோசனை.

இரணியல் வாசகி: திடீர்னு தலைவலி வந்தா நேரே திருவனந்தபுரம் போயிரலாமா?

தாங்க முடியாத தலைவலி, வாந்தி, வலிப்பு, மயக்கம் என்றால் 108-ஐக் கூப்பிட்டு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போங்கள். முதலில் சி.டி. ஸ்கேன், மூச்சு, ரத்த அழுத்தம் இவற்றைக் கவனிப்பார்கள். பிறகுதான் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மருத்துவமனையா வேறு இடமா என்ற பேச்சு. வயிற்றுக்கோளாறு என்று கஷாயம் கொடுத்துக் காத்திருக்காதீர்கள்.

குளச்சல் தாய் மறுபடியும்: பைபாஸ் முடிஞ்சா பள்ளிக்கூடம் போலாமா?

போகலாம், உங்கள் டாக்டர் நாள் சொன்னபின். காதுக்கு முன்னால் அழுத்தும் இறுக்கமான கண்ணாடியும் தொப்பியும் வேண்டாம், அந்தக் குழாய்தான் அங்கே ஓடுகிறது. ஸ்கேனை மட்டும் விடாதீர்கள். பல வருஷம் கழித்து வேறொரு குழாயிலும் வரலாம்.