கேசட் தேடி ஒசாகாவுக்கு: கேள்வி பதில்

வேலை நிமித்தம் ஆறு வருடம் ஒசாகாவில் இருந்தேன். சனிக்கிழமை ஆனால் பழைய வீடியோ கேம் கடைகளில்தான் கிடப்பேன். ஜப்பான் போகிறவர்கள், போக ஆசைப்படுகிறவர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கார்த்திக், திருப்பூர்: பழைய கேம் வாங்க எல்லோரும் டோக்கியோவின் அகிஹபாரா கடைவீதியைத்தான் சொல்கிறார்கள். நீங்கள் மட்டும் ஏன் ஒசாகா என்கிறீர்கள்?

அகிஹபாராவைக் குறை சொல்ல மாட்டேன். அங்கே சூப்பர் பொட்டேட்டோ என்ற பழைய கேம் கடையின் மேல்மாடியில், காசு போட்டு ஆடும் பழைய ஆர்கேட் மெஷின்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். ஒருமுறை பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் கூட்டத்தில் ஒரு அலமாரி முன்னால் பத்து நிமிடம் நிற்க முடியாது. இந்தப் பொழுதுபோக்கே நின்று பார்ப்பதுதானே.

ஒசாகாவில் நிப்பொன்பாஷி பகுதியில் இருக்கும் டென்டென் டவுன் இன்னும் கொஞ்சம் கடைவீதி மாதிரியே இருக்கிறது. போருக்கு முன்னால் பழைய புத்தகக் கடைகள் இருந்த தெரு. பிறகு ரேடியோ பாகங்கள், டிவி, கம்ப்யூட்டர், இப்போது அனிமே பொம்மைகளும் கேம்களும். சூப்பர் பொட்டேட்டோ இங்கேயும் உண்டு. கன்சாய் விமான நிலையத்தில் நன்காய் ரயில் ஏறினால் நம்பாவில் இறங்கலாம், அங்கிருந்து பத்து நிமிட நடை. மேப்பில் தேடும்போது மட்டும் கவனம்: இதே எழுத்துகளில் டோக்கியோவிலும் ஓர் இடம் உண்டு, அதை நிஹொன்பாஷி என்பார்கள். அப்புறம், காலை பதினொரு மணிக்கு முன்னால் போய் நிற்காதீர்கள். ஷட்டர்தான் தெரியும்.

பிரபு, மதுரை: அண்ணா, சின்ன வயதில் ஆடிய டேங்க் கேம் அங்கே கிடைக்குமா? அதன் நிஜப் பெயர்கூடத் தெரியாது.

பேட்டில் சிட்டி. நாம்கோ நிறுவனம் 1985-இல் ஃபாமிகாமுக்காக, அதாவது நின்டெண்டோ ஜப்பானில் விற்ற வீட்டு கேம் மெஷினுக்காக, வெளியிட்டது. அந்தக் காலத்தில் அமெரிக்கப் பிள்ளைகளுக்குக் கடையில் கிடைக்காத கேம் மதுரைப் பையனுக்கு எப்படித் தெரியும் என்றால், நாம் டிவியில் மாட்டி ஆடிய செட்டே ஃபாமிகாமின் நகல்தான். அசல் ஃபாமிகாம் 1983 ஜூலை 15 அன்று 14,800 யென்னுக்கு வந்தது. அதன் கேசட்டுக்கு 60 பின். நம் ஊர் மஞ்சள் கேசட்டுக்கும் அதே 60. அமெரிக்கப் பதிப்புக்கு 72.

நான் முதலில் வாங்கியதும் பேட்டில் சிட்டிதான். ஊருக்கு வந்தபோது பெரியப்பா வீட்டுப் பரணில் கிடந்த செட்டை இறக்கி, அந்த ஜப்பான் கேசட்டைச் சொருகிப் பார்த்தேன். இரண்டு தடவை கழற்றி மாட்டியதும் ஓடியது. நாம் காக்க வேண்டிய கழுகைச் சுற்றி அதே செங்கல், தொடக்கத்தில் அதே சின்ன இசை. நிறைய நகல் செட்டுகள் நொடிக்கு 50 படம் காட்டுபவை, அசல் ஃபாமிகாம் காட்டுவது 60. அதனால் அசலில் ஆடும்போது எல்லாமே கொஞ்சம் வேகமாகத் தெரியும். பழகிய கைக்கு முதல் பத்து நிமிடம் தடுமாறும்.

கடையில் 'கார்ட்ரிட்ஜ்' என்று கேட்டு நாக்கைச் சுழற்ற வேண்டாம். ஜப்பானியர்களும் 'கசெட்டோ' என்றுதான் சொல்கிறார்கள்.

கான்ட்ரா என்ற துப்பாக்கிச் சண்டை கேமையும் கண்ணில் பட்டால் பாருங்கள். 1988-இல் வந்த ஜப்பான் பதிப்பில் கட்டங்களுக்கு நடுவே வரைபடம் வரும், பனிக்கட்டத்தில் பனி நிஜமாகவே பொழியும். அமெரிக்கப் பதிப்பில் இரண்டும் கிடையாது. விலையைக் கேட்டால்தான் நமக்குக் குளிரும்.

நஸ்ரின், கண்டி: பெட்டியோடு வாங்குவது நல்லதா, வெறும் கேசட் போதுமா?

ஆடுவதற்கு என்றால் வெறும் கேசட். பெட்டியும் விளக்கப் புத்தகமும் சேர்ந்தால் விலை சில மடங்காகிவிடும். பேஸ்பால், மாஜாங் போன்ற அதிகம் விற்ற கேம்கள் வெறும் கேசட்டாகச் சில நூறு யென்னுக்கே கிடைக்கும்.

விலைச்சீட்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். போன் கேமராவில் மொழிபெயர்த்தாலே போதும். 'பெட்டி, புத்தகம் உண்டு', 'ஓடுகிறது, பார்த்தாயிற்று', 'ஆட்டத்தைச் சேமிக்கும் பேட்டரி தீர்ந்தது' என்றெல்லாம் நேர்மையாக எழுதி ஒட்டியிருப்பார்கள். இன்னொரு குறிப்பும் வரும்: 'பெயர் எழுதப்பட்டுள்ளது'. எண்பதுகளில் நண்பனுக்கு இரவல் கொடுக்கும்போது தொலையாமல் இருக்க, பிள்ளைகள் கேசட்டின் பின்பக்கம் மார்க்கர் பேனாவால் பெயர் எழுதிவைப்பார்கள். கடைக்காரர் அதைப் பழுதாகக் கணக்கிட்டு விலையைக் குறைப்பார். நான் அதைத்தான் தேடி வாங்குவேன். என்னிடம் இருக்கும் ஒன்றில் கோணல் எழுத்தில் பெயர், கீழே வகுப்பு எண். அழிக்கப் பார்த்து யாரோ பாதியில் விட்டிருக்கிறார்கள். இப்படிப் பெயர் எழுதிய கேசட்டுகளைச் சேர்த்து, உரிய ஆளைக் கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுக்க முயலும் ஒருவர்கூட ஜப்பானில் இருக்கிறார்.

செல்வம், சென்னை: மெஷினே வாங்கி வந்துவிடலாமா? இங்கே ஓடுமா?

ஓடும், ஆனால் அவசரப்பட்டுப் பிளக்கைச் சொருகாதீர்கள். ஜப்பானில் 100 வோல்ட், நமக்கு 230. அந்த அடாப்டர் ஒரு நொடியில் போய்விடும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். முதல் ஃபாமிகாமில் ஆன்டெனா வழியாக மட்டும்தான் படம் வரும், அதுவும் ஜப்பான் சேனல் கணக்கில். மஞ்சள், சிவப்பு ஒயர் மாட்டக்கூடியது வேண்டுமென்றால் 1993-இல் வந்த புது வடிவத்தையோ, ஷார்ப் நிறுவனத்தின் ட்வின் ஃபாமிகாமையோ கேளுங்கள். எந்தச் சிக்கலும் வேண்டாம் என்றால் கையில் பிடித்து ஆடும் கேம் பாய் வாங்குங்கள். பேட்டரியில் ஓடும், எந்த நாட்டு கேசட்டையும் ஏற்கும்.

அனிதா, கோவை: 'ஜங்க்' பெட்டியில் மலிவாகக் குவித்து வைத்திருப்பார்களாமே, எடுக்கலாமா?

ஜங்க் என்றால் 'ஓடுமா என்று நாங்கள் பார்க்கவில்லை, திருப்பியும் எடுக்க மாட்டோம்' என்று அர்த்தம். கேசட் என்றால் துணிந்து எடுங்கள். ஸ்பிரிட் தொட்ட காது குடையும் பஞ்சால் பின்னைத் துடைத்தால் பாதி உயிர் பெற்றுவிடும்.

மெஷினில்தான் நான் சூடு பட்டேன். கேசட்டுக்குப் பதில் டிஸ்க்கில் கேம் ஆட ஃபாமிகாமோடு இணைக்கும் பெட்டி, 1986-இல் வந்த டிஸ்க் சிஸ்டம், ஒன்று ஜங்க் அலமாரியில் கிடந்தது. அந்த நாளில் கடைக்கு டிஸ்க்கைக் கொண்டுபோய் 500 யென் கொடுத்தால் அதிலேயே வேறு கேம் எழுதித் தருவார்கள். அந்த ஆசையில் தூக்கி வந்துவிட்டேன். வீட்டில் திறந்தால் உள்ளே இருந்த ரப்பர் பெல்ட் உருகி, வெயிலில் கிடந்த தார் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. விரலில் பட்ட கறுப்பு இரண்டு நாள் போகவில்லை. புது பெல்ட் மாட்டிய பிறகும் டிஸ்க்கைப் படிக்கும் ஹெட்டைச் சரியான இடத்தில் நிறுத்த முடியாமல் விட்டுவிட்டேன். கடைக்காரரைக் குறை சொல்ல வழியில்லை, 'ஜங்க்' என்று எழுதித்தானே வைத்திருந்தார்!

ஜெனிஃபர், நாகர்கோவில்: நின்டெண்டோ மியூசியம் பக்கத்திலா?

கியோட்டோவை ஒட்டிய உஜியில், ஒகுரா ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிட நடை. அவர்களின் பழைய தொழிற்சாலையை மாற்றி 2024 அக்டோபரில் திறந்தார்கள். நேரில் போய் டிக்கெட் வாங்கலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். மூன்று மாதம் முன்பே குலுக்கலுக்குப் பதிவு செய்ய வேண்டும். பெரியவர்களுக்கு 3,300 யென். உள்ளே ஆட ஆளுக்குப் பத்து காயின் தருவார்கள், அதற்கு மேல் விலைக்கும் கிடைக்காது. ராட்சத கன்ட்ரோலரை ஆட இரண்டு பேர் வேண்டும், துணையோடு போங்கள்.

குலுக்கலில் விழவில்லையா? கியோட்டோவில் அவர்களுடைய 1930-ஆம் வருடத் தலைமையகக் கட்டடத்தை வெளியே நின்று பாருங்கள். 1889-இல் சீட்டுக்கட்டு செய்யத் தொடங்கிய நிறுவனம் அது. கட்டடம் இப்போது ஹோட்டல்.

ராஜேஷ், சேலம்: மனைவிக்கு இதில் துளியும் ஆர்வமில்லை. எவ்வளவு நேரம் ஒதுக்குவது?

ஒரு மத்தியானம். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வரிவிலக்கு தரும் கடைகளில் 5,000 யென்னுக்கு மேல் வாங்கினால் 10 சதவீத வரி கழியும். 2026 நவம்பர் முதல் வரியைக் கட்டிவிட்டு, கிளம்பும்போது திரும்பப் பெறும் முறை.

விக்னேஷ், தஞ்சாவூர்: ஆர்கேட் போனால் எப்படி நடந்துகொள்வது?

100 யென் நாணயமாக மாற்றிக்கொள்ளுங்கள், அதற்கான மெஷின் உள்ளேயே இருக்கும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் என்ற சண்டை கேமைச் செய்த கேப்காம் ஒசாகா நிறுவனம், சண்டை கேம்களுக்குப் பேர்போன எஸ்.என்.கே.யும் அப்படித்தான். சண்டை கேம்களை இரண்டு மெஷின் முதுகோடு முதுகாக வைத்திருப்பார்கள். எதிர்ப்பக்கம் யாரோ தனியாக ஆடும்போது நீங்கள் இந்தப் பக்கம் காசு போட்டால், அது சண்டைக்கு அழைத்ததாகிவிடும். தெரியாமல் அப்படி உட்கார்ந்தேன். நாற்பது விநாடியில் முடிந்தது. எழுந்து எட்டிப் பார்த்தால், டையைத் தளர்த்திய ஓர் அறுபது வயது ஆள். லேசாகத் தலைகுனிந்து வணங்கிவிட்டு அடுத்த ஆட்டத்துக்குத் திரும்பிவிட்டார்.