‘முடித்துவிட்டாயா?’ என்று கேட்கும் தோழிக்கு

கேள்வி: இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலையொன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். கல்வியியற் கல்லூரியில் ஒன்றாகப் பயின்ற நாங்கள் நால்வரும் வாட்ஸ்அப்பில் நாவல்களைப் பரிந்துரைத்துக்கொள்கிறோம், புத்தகங்களையும் கைமாற்றிக்கொள்கிறோம். ஒரு தோழி வாரந்தோறும் பட்டியல் அனுப்பி, ‘முடித்துவிட்டாயா?’ என்று கேட்கிறாள். பாதியில் நிறுத்தியவற்றையும் முடித்ததாகச் சொல்லத் தொடங்கிவிட்டேன். எனக்குப் பிடித்த குடும்ப நாவல்களைச் சொன்னாலோ, ‘இதெல்லாம் இலக்கியமா?’ என்று சிரிக்கிறார்கள். குழுவை விட்டு விலகிவிடலாமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

விலக வேண்டாம், ஆனால் படிக்காததைப் படித்ததாகச் சொல்வதை இன்றே நிறுத்திவிடுங்கள். நீங்கள் ‘முடித்துவிட்டேன்’ என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் தன் தெரிவு உங்களுக்குப் பொருந்திவிட்டதாகவே உங்கள் தோழி நினைப்பார். அதே வகையில் இன்னும் நான்கு நூல்களை அனுப்புவார். ‘நூறு பக்கம் படித்தேன், அதற்கு மேல் மனம் ஒட்டவில்லை’ என்று எழுதினால்தான் உங்கள் ரசனை எங்கே நிற்கிறது என்பது அவருக்குத் தெரியவரும்.

நாவலைப் பரிந்துரைக்கும்போது நூலின் சிறப்பை மட்டும் பார்ப்பதும், அதைப் படிக்கப்போகிறவரின் நாளையும் மனநிலையையும் மறந்துவிடுவதும் நம் வாசகர்களிடையே பரவலாக உள்ள பழக்கம். ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்களையும் தவணை விடுமுறைக்குள் முடிக்கச் சொல்கிறவர்கள், 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வெளிவந்த அந்தக் கதையை அதன் முதல் வாசகர்கள் வாரம் ஓர் இதழாகக் காத்திருந்து படித்தார்கள் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. பாடசாலை விட்டு வந்து, சமைத்து, கொப்பிகள் திருத்தி முடித்தபின் எஞ்சும் அரைமணி நேரத்திற்குச் சிறுகதைதான் பொருந்தும். என்.எஸ்.எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ தொகுப்பில் ஒரு கதையை ஹட்டன் போகும் பஸ்ஸிலேயே படித்துவிடலாம். கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ 1964இல் வெளிவந்த நாவல். தமிழகத்திலிருந்து தேயிலைத் தோட்டத்திற்கு வேலைக்கு வந்து சேர்ந்தவர்களின் துயரத்தைப் பேசுவது. பாட்டியின் கதையைக் கேட்டு வளர்ந்த ஒருவருக்கு அது நெருக்கமாகிவிடும். ஆனால் வீட்டில் துக்கம் நடந்து ஒரு மாதமும் ஆகாத தோழியிடம் அதையே நீட்டுவது பொருத்தமில்லை. ஆகவே, பட்டியலாக அனுப்பாமல், ஒருவருக்கு ஒரு நூல், அதை அவருக்கு ஏன் சொல்கிறோம் என்று ஒரு வரி என்ற முறையை உங்கள் நால்வருக்குள் கொண்டுவாருங்கள்.

குடும்ப நாவல்களைப் பற்றி என் கருத்தையும் மறைக்கவில்லை: அவற்றில் பல, பாத்திரங்களின் பெயரை மட்டும் மாற்றி எழுதப்பட்ட ஒரே கதையாகவே எனக்குத் தோன்றுகின்றன. அதற்காக அவற்றை விரும்புகிறவரைப் பார்த்துச் சிரிப்பதற்கு எனக்கும் உரிமையில்லை, உங்கள் தோழிகளுக்கும் இல்லை. பல வீடுகளில் பெண்களின் கையில் முதலில் புத்தகம் வந்ததே இவ்வகைக் கதைகளால்தான். அடுத்த முறை ‘நல்ல கதை’ என்று நிறுத்திக்கொள்ளாமல், மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையிலான எந்த உரையாடல் உங்களைப் பிடித்து நிறுத்தியது என்று எழுதிப்பாருங்கள். காரணத்தோடு வரும் ரசனையைக் கேலி செய்வது அவ்வளவு எளிதன்று.

கைமாறும் புத்தகங்களுக்கு ஒரு குறிப்பேடு வையுங்கள். 2022இல் நம் ரூபாயின் மதிப்பு சரிந்த பிறகு தமிழகத்திலிருந்து வரும் நாவலொன்றை வாங்குவதே பெரிய செலவாகிவிட்டது. இரவல் போன நூல் திரும்பாவிட்டால் மனக்கசப்பு வரத்தான் செய்யும். ஈழத்து, மலையக நூல்கள் பலவற்றை ‘நூலகம்’ இணையத் தளத்தில் இலவசமாகவே படிக்கலாம் என்பதால், அவற்றுக்கு இரவல் தேவைப்படாது. புதிய நாவல்களின் திருட்டுப் பிரதிகளைக் குழுவில் சுற்றவிடுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

தோழிக்கு இப்படி எழுதலாம்: ‘நீ தந்தவற்றில் இரண்டை நான் முடிக்கவில்லை, முடித்ததாகச் சொன்னது உன் மனம் நோகக் கூடாதென்றுதான். இனி மாதத்திற்கு ஒன்று போதும், அதையும் எனக்கென்று தேர்ந்து சொல்.’ இதை வாட்ஸ்அப் குழுவில் போடாமல் அவருக்குத் தனியாக அனுப்புங்கள். அந்த இரண்டு புத்தகங்களையும் அடுத்த முறை சந்திக்கும்போது திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.