கதைக்காத பிள்ளையும் சிரிக்கும் வகுப்பும்

அன்புள்ள ஐயா,

கிளிநொச்சியில் தரம் 7 இன் வகுப்பாசிரியையாக இருக்கிறேன். தமிழ்நாட்டு அகதி முகாமொன்றில் பிறந்து வளர்ந்த பிள்ளையொருத்தி, பெற்றோருடன் ஊர் திரும்பி இவ்வாண்டு எங்கள் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். எழுத்தில் கெட்டிக்காரி. ஆனால் வகுப்பில் வாய் திறப்பதில்லை. இடைவேளையில் பாலை மரத்தடியில் ஒரேயொரு சிநேகிதியின் காதுக்குள் மட்டும் கதைக்கிறாள். கூச்சம் தெளியட்டும் என்று தமிழ்த்தினப் பேச்சுப் போட்டிக்கு அவளின் பெயரைக் கொடுக்க நினைக்கிறேன். சரிதானா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

வேண்டாம். காதுக்குள் கதைப்பவளை ஒரேயடியாக ஒலிவாங்கியின் முன் நிறுத்தினால், சிநேகிதியிடம் கதைப்பதும் நின்றுவிடக்கூடும்.

பிள்ளையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அவள் முதன்முதலில் வாய் திறந்த நாளில் வகுப்பு என்ன செய்தது என்று எழுதவில்லை. ‘பாட்டில எங்க வைக்கிறது டீச்சர்’ என்று அவள் கேட்டிருந்தால், போத்தல் என்றே சொல்லிப் பழகியவர்களில் நாலு பேராவது அதை அவளின் இராகத்திலேயே திருப்பிச் சொல்லியிருப்பார்கள். வன்னிக்கு இது புதிதல்ல. 1977 வன்செயலின் பின்னர் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகளும் பேச்சை வைத்தே பிரித்துப் பார்க்கப்பட்டார்கள். அந்த வழக்கம் முற்றாக ஒழிந்துவிட்டதாக நான் நம்பவில்லை. ஆகவே கேலி செய்யும் இருவர் மூவரைத் தனியே அழைத்துக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். வகுப்பு முழுவதற்கும் அவளை முன்வைத்து அறிவுரை சொன்னால், எல்லோரும் அவளைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

வீட்டில் நம்முடைய தமிழையே கேட்டு வளர்ந்திருந்தாலும் அவளின் பாடத் தமிழ் வேறு: அங்கே அறிவியல் இங்கே விஞ்ஞானம், அங்கே வேதியியல் இங்கே இரசாயனவியல். மற்றவர்கள் முன்னரே தொடங்கிவிட்ட சிங்களத்தை அவள் இப்போதுதான் எழுத்துக்கூட்டத் தொடங்குகிறாள். புதிய மொழிச் சூழலுக்குள் வரும் பிள்ளைகள் பலர் சில மாதங்கள் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பதுண்டு. மொழி கற்றலை ஆராய்பவர்கள் அதனை மௌன காலம் என்பர்.

உங்கள் கையில் உள்ள கருவி, காத்திருப்பதுதான். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஆராய்ந்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு விநாடியளவே விடைக்காகப் பொறுத்திருந்தனர் என்றும், அதனை மூன்று விநாடியாக நீட்டியதும் விடைகள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசத் தொடங்கினர் என்றும் கண்டார். மூன்று விநாடி என்ன பெரிதா என்று தோன்றும். வெண்கட்டியும் கையுமாக, பாடத்திட்டம் முடியவில்லையே என்ற அவதியோடு நின்று பாருங்கள்.

செய்யுளை வகுப்பு முழுவதும் சேர்ந்து ஓதட்டும்; அவளின் குரலும் அதற்குள் கலந்து வரும். பின்னர் அந்தச் சிநேகிதியுடன் இருவராக வாசிக்கவிடலாம். அவள் தானாக ஒரு விடை சொல்லும் நாளில் கைதட்ட விடாதீர்கள்; வேறெந்தப் பிள்ளையின் விடையையும் போல ஏற்றுக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்.

வீட்டில் எப்படிக் கதைக்கிறாள் என்று தாயாரிடம் விசாரியுங்கள். வீட்டில் தாராளமாகக் கதைக்கும் பிள்ளை பாடசாலையில் மாதக்கணக்காக எவரிடமும் பேசாதிருந்தால் வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடத்தான் வேண்டும். இவளுக்கு ஒரு சிநேகிதியாவது இருப்பதால் இப்போதைக்கு அந்த அவசரம் இல்லை. அடுத்த தவணையில் இருக்கைகளை மாற்றும்போது மட்டும், பாடநேரத்தில் கதைக்கிறார்கள் என்று சொல்லி அந்த இருவரையும் பிரித்துவிடாதீர்கள்.