எழுதியவரே இயக்கும்போது வசனம் என்ன ஆகிறது? கேள்வி பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் குறும்படம் எடுக்கிற நண்பர்கள் வசனம், நடிப்பு பற்றிக் கேட்டவற்றில் சிலவும் என் பதில்களும்.

பாலக்கோட்டில் இருந்து: அண்ணா, இயக்குநரே எழுதினால் வசனத்தில் அப்படி என்ன மாறிவிடும்?

இயக்குநர் மகேந்திரனை எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி. 1974இல் வந்த 'தங்கப்பதக்கம்' அவர் எழுத, வேறொருவர் இயக்கியது, சிவாஜி நிமிர்ந்து நின்று பேசினால் தியேட்டர் அதிர வேண்டும் என்று எழுதிய வசனம். 1979இல் அவரே எழுதி இயக்கிய 'உதிரிப்பூக்க'ளில் ஊரே ஆற்றங்கரையில் திரண்டு நிற்கிறது, சாகப்போகிற சுந்தரவடிவேலு சொல்வது கொஞ்சம்தான்: நல்லவர்களாக இருந்த உங்களையும் என்னைப் போல ஆக்கிவிட்டேன் என்கிற அர்த்தத்தில் ஒரு பேச்சு. அந்த வேடத்தில் நடித்த விஜயன் அங்கே முழங்கியிருந்தால் காட்சியே போயிருக்கும். இன்னொருவர் இயக்கப்போகும் படத்துக்கு எழுதுகிறவருக்குத் திரையில் எது தெரியப்போகிறது என்று தெரியாது, அதனால் எல்லாவற்றையும் வாயில் வைத்துவிடுவார். இயக்கப்போகிறவருக்கு அந்த முகம் எவ்வளவு அருகில் வரும் என்று தெரியும், மிச்சத்தை எழுதாமல் விடுவார்.

காவேரிப்பட்டணத்தில் இருந்து: அப்படியானால் பாலசந்தர், விசு படங்களில் ஏன் இவ்வளவு பேச்சு?

நியாயமான கேள்வி சார். பேச்சைக் குறைத்தால்தான் நல்ல படம் என்று நான் சொல்ல வரவில்லை. இருவரும் மேடையில் இருந்து வந்தவர்கள், மேடையில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும். விசுவின் 'சம்சாரம் அது மின்சார'த்தில் (1986) அப்பாவும் மகனும் மோதும்போது யார் பேசுகிறார் என்பதை விட, அடுத்து யார் வாய் திறக்கப்போகிறார் என்றுதான் நம் கண் தேடும். அந்த வகை எழுத்துக்கு நடிகரிடம் நல்ல காது வேண்டும். தன் முறைக்காகக் காத்திருப்பவராக இல்லாமல் எதிராளி சொல்வதைக் கேட்பவராக இருக்க வேண்டும்.

ஓசூரில் இருந்து: ஒரே வசனத்தை நடிப்பு மாற்றிவிடுமா?

'விருமாண்டி' (2004) பாருங்கள். நடந்ததைக் கொத்தாளத் தேவரும் சொல்கிறார், விருமாண்டியும் சொல்கிறார். ஆட்கள் அதே ஆட்கள்தான், ஆனால் யார் சொல்லும் கதை என்பதைப் பொறுத்து பேச்சும் நிற்கும் விதமும் வேறாகிவிடும். கமல் எழுதி, இயக்கி, நடித்த படம் அது.

போச்சம்பள்ளியில் இருந்து: என் காட்சியில் மாந்தோப்பை விற்கச் சொல்லும் தம்பியிடம் அண்ணன், 'அப்பா ரத்தம் சிந்தி வளர்த்த மரம்டா இது' என்கிறான். நடிப்பவர் எவ்வளவு முயன்றாலும் நாடகமாகவே இருக்கிறது அண்ணா.

நடிப்பவரைத் திட்டாதீர்கள், குறை வசனத்தில் இருக்கிறது. உணர்ச்சியை வசனமே சொல்லி முடித்துவிட்டால் அவருக்குச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. அண்ணன் தம்பி முகத்தைப் பார்க்காமல், 'கிணத்துப் பக்கத்து மரம் பூ விட்டுருக்கு, மருந்தடிக்கணும். நாளைக்கு வர்றியா?' என்று கேட்கட்டும். விற்க வந்த தம்பிக்கு இதற்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாது, அந்தத் தவிப்பில் நடிக்க நிறைய இருக்கிறது. ரத்தம் பற்றிய வரியை அடித்துவிடுங்கள், எவ்வளவு பிடித்திருந்தாலும் சரி.

தேன்கனிக்கோட்டையில் இருந்து: எங்கள் வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளியில் தமிழ். படத்தில் எல்லாரையும் தமிழிலேயே பேச வைக்கவா?

வேண்டவே வேண்டாம் தம்பி, உங்களுக்குக் கிடைத்திருப்பது பெரிய சொத்து! மகனைத் தெலுங்கில் திட்டிக்கொண்டிருந்த அம்மா, பேங்க் மேனேஜர் உள்ளே வந்ததும் தமிழுக்கு மாறினால், அந்த ஒரு மாற்றத்திலேயே அவள் பயமும் மரியாதையும் தெரிந்துவிடும். யார் யாரிடம் எந்த மொழிக்குத் தாவுகிறார்கள் என்பதை ஸ்கிரிப்டிலேயே எழுதுங்கள். சிரிப்புக்காக மட்டும் அந்தப் பேச்சைப் பயன்படுத்தாதீர்கள், நம் ஊர்ப் பேச்சைக் கேலிக்கு வைத்தது போதும்.

அரூரில் இருந்து: நடிகர் வசனத்தை மாற்றிப் பேசினால் விடலாமா?

ஒத்திகையில் தாராளமாக விடுங்கள். அவர் மாற்றியது உங்கள் வரியை விட நன்றாக இருந்தால் உடனே தாளில் ஏற்றி, எதிரில் நடிப்பவருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். படப்பிடிப்பில் டேக்குக்கு டேக் மாற்றினால் எடிட்டிங்கில் ஒன்றோடொன்று ஒட்டாது. அப்புறம் டப்பிங்கில் உதட்டசைவுக்காக வேறு ஏதோ சொல்லைத் திணிக்க வேண்டிவரும்.