பல்கனிக்கு அடியில் கறள்

கேள்வி: எங்கள் வீடு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்க ஒழுங்கையில் இருக்கிறது. 1986இல் கட்டியது. மேல்மாடிப் பல்கனியின் அடிப்பக்கம் பூச்சு விழுந்து, கறள் பிடித்த கம்பி தெரிகிறது. "சுரண்டிவிட்டுப் பூசினால் சரி" என்கிறார் மேசன். மகனோ அதே பல்கனியில் 1000 லீற்றர் தண்ணீர்த் தாங்கி வைக்க நினைக்கிறான். வைக்கலாமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: வேண்டாம் அம்மா. 1000 லீற்றர் தண்ணீர் ஒரு தொன் பாரம். பூச்சாடிகள் இருந்தால் அவற்றையும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். பிள்ளைகளை அதில் ஏற விடாதீர்கள், அடியில் யாரும் கதிரை போட்டு இருக்கவும் வேண்டாம்.

கடல் காற்றின் உப்பு கொங்கிறீற்றுக்குள் மெல்ல இறங்கிக் கம்பியை எட்டும்போது கறள் தொடங்குகிறது. இரும்பு கறளானால் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை பருக்கும். அந்த நெருக்கலில்தான் கொங்கிறீற்று வெடித்து விழுகிறது. மேலே புதிதாகப் பூசினாலும் உப்பு உள்ளேயேதான் இருக்கும். தெஹிவளையில் என் பெரியம்மா வீட்டில் இப்படி மூன்று தடவை பூசினார்கள். நான் போய் உடைத்துப் பார்த்தபோது 12 மில்லிமீற்றர் கம்பி பென்சில் அளவுக்கு மெலிந்திருந்தது. முதல் தடவையே போயிருக்கலாம் என்ற மனவருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

ஆனால் அடியில் தெரியும் கம்பியைவிட, மேலே தெரியாத கம்பிதான் என்னைப் பயமுறுத்துகிறது. சுவரிலிருந்து நீட்டி நிற்கும் பல்கனியைத் தாங்குகிற முக்கியமான கம்பி மேல்பக்கத்தில், டைலுக்குக் கீழே ஓடுகிறது. மழைத்தண்ணீர் ஊறுவதும் அங்கேதான். அந்தக் கம்பி போனால் பல்கனி சொல்லாமல் கொள்ளாமல் விழும். புளோரிடாவில் 2021 ஜூனில் இடிந்து 98 பேரைப் பலிகொண்ட கடலோர அடுக்குமாடியிலும், நீச்சல் குளத் தளத்தில் தண்ணீர் வடியாமல் நின்று கொங்கிறீற்று பழுதாவதை 2018இலேயே ஒரு பொறியியலாளர் எழுதிக் கொடுத்திருந்தார்.

அதனால் பட்டயப் பொறியியலாளர் ஒருவரைக் கூப்பிட்டு, சுவரோரம் இரண்டு டைலைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை முட்டுக் கொடுப்பதையும் அவரிடமே கேட்டுச் செய்யுங்கள். துளையிட்டு எடுக்கும் தூளில் உப்பு எவ்வளவு என்று ஆய்வுகூடத்தில் பார்க்க வேண்டும். கொங்கிறீற்றின் காரத்தன்மை போகவில்லையா என்று காட்டும் பினோப்தலீன் என்ற திரவத்தைத் தெளித்து, ரோஸ் நிறம் வந்தால் நல்லது என்பார்கள். கடலோரத்தில் அது போதாது. ரோஸ் நிறம் வந்தாலும் உப்பு இருக்கலாம்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று: வீட்டின் தூண்களையும் பீம்களையும் சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் 'டங்' என்னும். உள்ளே விலகிய இடம் 'பொத் பொத்' என்று கேட்கும். அங்கே சோக்கால் வட்டம் போட்டு, வருபவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: தூண்களில் சுத்தியல் கருவியால் அடித்துப் பார்த்து "பலம் இருக்கிறது" என்றார்கள். மூன்றாம் மாடி எழுப்பலாமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: அந்தக் கருவி மேற்பரப்பின் கடினத்தைத்தான் காட்டும். பழைய கொங்கிறீற்றின் மேல்தோல் காற்றுப்பட்டு இறுகியிருப்பதால் எண் கூடுதலாகவும் வரும். தூணில் உருளைத் துண்டு வெட்டி எடுத்து நசுக்கிப் பார்க்க வேண்டும், அத்திவாரத்தையும் தோண்டி அளக்க வேண்டும். இரண்டும் முடியும் வரை ஒரு கல்லும் ஏற்றாதீர்கள்.