ஸ்விட்ச் எல்லாம் ஆஃப், பிரேக்கர் மட்டும் விழுகிறது

கேள்வி: ஹால், வராண்டா, கேட் லைட் மூன்றும் எங்கள் வீட்டில் ஒரே சர்க்யூட். மழை பெய்த மறுநாள் மிக்ஸியையோ அயர்ன் பாக்ஸையோ போட்டால் வீடு முழுக்க பவர் போய்விடுகிறது. லைட் ஸ்விட்சுகளை எல்லாம் ஆஃப் செய்துவிட்டுப் போட்டாலும் அதே கதைதான். வேறு மிக்ஸி வைத்தும் பார்த்தாயிற்று. லைட் சர்க்யூட்டின் 6 ஆம்பியர் எம்சிபியை (கரண்ட் மிஞ்சினால் தானே விழும் பிரேக்கரை) எடுத்துவிட்டு 16 போட்டால் சரியாகிவிடும் என்கிறார் எலக்ட்ரீஷியன். போடலாமா?

பதில்: போடவே கூடாது. லைட் பாயிண்டுக்குச் சுவருக்குள் போவது பெரும்பாலும் 1 சதுர மி.மீ. ஒயர். 16 ஆம்பியர் எம்சிபியில் 23 ஆம்பியர் ஓடினாலும், விழுவதற்கு அது ஒரு மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளலாம். அதன் தரவிதியே அப்படித்தான். அதற்குள் ஒயர் வெந்துவிடும். தவிர, உங்களுடையது லோடு பிரச்சினையே அல்ல. 9 வாட் பல்பு பத்து, 75 வாட் ஃபேன் நான்கு என்று கூட்டினாலும் 390 வாட்தான். 2 ஆம்பியர்கூட வராது.

விழுவது எது என்று முதலில் பாருங்கள். டிபி பாக்ஸில், அதாவது பிரேக்கர்கள் இருக்கும் பெட்டியில், ஒற்றை அகலத்தில் வரிசையாக இருப்பவை எம்சிபி. இரட்டை அகலத்தில், டெஸ்ட் பட்டனோடு இருப்பது ஆர்சிசிபி. பலர் இன்னும் இஎல்சிபி என்றே சொல்கிறார்கள். எம்சிபி ஓவர்லோடுக்கும் ஷார்ட்டுக்கும் விழும். ஆர்சிசிபி, பேஸில் போன கரண்ட் நியூட்ரலில் முழுசாகத் திரும்பாவிட்டால் விழும். 30 மில்லி ஆம்பியர் வகை என்றால் 15-ஐத் தாண்டியதும் எந்த அளவில் வேண்டுமானாலும் விழலாம், 30-ல் விழுந்தே ஆக வேண்டும்.

வீடு முழுக்க அணைகிறது என்பதால் உங்களிடம் விழுவது ஆர்சிசிபிதான். மிக்ஸி மேல் பழி போட வேண்டாம். வெளியே ஏதோ ஒரு லைட்டில், அநேகமாக கேட் லைட்டில், நியூட்ரல் ஈரத்தின் வழியாக எர்த்தைத் தொடுகிறது. ஸ்விட்சும் சரி, ஒற்றை எம்சிபியும் சரி, பேஸை மட்டும்தான் வெட்டும். எல்லாவற்றையும் ஆஃப் செய்தாலும் நியூட்ரல் ஒயர் கேட் வரை இணைப்பில்தான் கிடக்கும். மிக்ஸி ஓடும்போது திரும்பி வரும் கரண்டில் ஒரு சிறு பங்கு நியூட்ரல் லிங்க்கிலிருந்து (நியூட்ரல் ஒயர்கள் எல்லாம் சேரும் பட்டையிலிருந்து) கேட் பக்கம் போய் எர்த்தில் இறங்கிவிடுகிறது. கணக்கு உதைக்கிறது, ஆர்சிசிபி விழுகிறது. லோடு பெரிதாக இருந்தால் அந்தப் பங்கும் பெரிதாகும். அதனால்தான் அயர்ன் பாக்ஸ் போட்டதும் விழுகிறது.

கண்டுபிடிப்பது உரிமம் உள்ள ஒயர்மேனின் வேலை. ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். மெயினை ஆஃப் செய்து, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, லைட் சர்க்யூட்டின் நியூட்ரலை லிங்க்கிலிருந்து கழற்றி டேப் சுற்றி ஒதுக்க வேண்டும். அந்த சர்க்யூட்டின் எம்சிபி ஆஃபிலேயே இருக்கட்டும். இப்போது மெயினைப் போட்டு மிக்ஸியை ஓட்டுங்கள். விழவில்லையா? பழுது அந்த சர்க்யூட்டில்தான். எந்த நியூட்ரல் எதனுடையது என்று தெரியாவிட்டால் ஒவ்வொன்றாகக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். அப்போதே ஒயர்களில் எண் ஒட்டச் சொல்லுங்கள்.

மல்டிமீட்டர் வைத்துப் பார்த்து "ஒன்றுமில்லை சார்" என்றால் நம்ப வேண்டாம். ஈரக் கசிவு சில வோல்ட்டில் பிடிபடாமல் போகும், 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷனை அளக்கும் மீட்டர்) வேண்டும். மெயினை மறுபடி ஆஃப் செய்து, பல்புகளைக் கழற்றி, ஸ்விட்சுகளை ஆனில் வைத்து, அந்த சர்க்யூட்டின் பேஸையும் நியூட்ரலையும் சேர்த்து முறுக்கி எர்த்துக்கு எதிராக அளக்க வேண்டும். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் பழுது உறுதி. ஆளை மழை விட்ட காலையிலேயே கூப்பிடுங்கள். வெயில் ஏறிக் காய்ந்துவிட்டால் மெக்கரும் நல்ல ரீடிங்தான் காட்டும்.

பிறகு வராண்டா ஜங்ஷன் பாக்ஸில் ஒயரைப் பிரித்து, வீட்டுப் பக்கம், கேட் பக்கம் என்று தனித்தனியாக அளந்தால் இடம் தெரிந்துவிடும். கேட் லைட்டைத் திறந்தால் ஹோல்டரில் பச்சைக் களிம்பு, எறும்பு சேர்த்த மண் இவை இருக்கலாம். ஹோல்டரைத் துடைத்துவிட்டு மூடாதீர்கள், மாற்றுங்கள். தண்ணீர் புகாது என்பதற்கு ஐபி 65 என்று போட்ட லைட்டே வாங்கினாலும், ஒயர் மேலிருந்து உள்ளே போனால் தண்ணீர் ஒயரைப் பிடித்துக்கொண்டே இறங்கும். ஒயர் கீழே ஒரு வளைவு தொங்கி, அடியிலிருந்து ஏற வேண்டும். சிலிக்கான் பூசும்போது மேலேயும் இரு பக்கமும் போதும், கீழே திறந்திருக்கட்டும். நான்கு பக்கமும் அடைத்தால் உள்ளே போன தண்ணீருக்கு வெளியேற வழியில்லை. தரைக்கடியில் போகும் பைப்பில் டேப் சுற்றிய ஜாயிண்ட் இருந்தால் ஒட்டுப்போடாமல் புது ஒயர் இழுத்துவிடுங்கள்.

கேள்வி: இன்வெர்ட்டர் வைத்ததிலிருந்து ஒரே ஒரு பல்பு போட்டாலும் ஆர்சிசிபி விழுகிறது. இன்வெர்ட்டர் கோளாறா?

பதில்: பெரும்பாலும் இல்லை, இணைப்புக் கோளாறு. இன்வெர்ட்டருக்கான பேஸை ஆர்சிசிபிக்கு முன்னால் எடுத்துவிட்டு, அந்த லைட்டுகளின் நியூட்ரலை மட்டும் ஆர்சிசிபிக்குப் பின்னால் உள்ள பழைய லிங்க்கிலேயே விட்டிருப்பார்கள். 9 வாட் பல்பு எடுப்பதே சுமார் 39 மில்லி ஆம்பியர். அதுவே போதும், விழுந்துவிடும். பேஸ், நியூட்ரல் இரண்டும் ஒரே ஆர்சிசிபிக்குப் பின்னாலிருந்து வர வேண்டும். அல்லது இன்வெர்ட்டர் லைட்டுகளுக்குத் தனி நியூட்ரல் லிங்க்கும் தனி ஆர்சிசிபியும் வேண்டும். ஆர்சிசிபியைக் கழற்றிவிட்டு நேரடியாகக் கொடுத்துவிட்டுப் போகிற ஆளுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

கேள்வி: பவர்கட் முடிந்து கரண்ட் வரும்போது மட்டும் லைட் எம்சிபி விழுகிறது. புதிதாக எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: எம்சிபி முகத்தில் பி6 என்று இருக்கிறதா பாருங்கள். பி வகை 18 முதல் 30 ஆம்பியருக்குள் உடனே விழும். நிறைய எல்இடி பேனல்கள் ஒன்றாக உயிர் பெறும் நொடியில் அந்த அளவு இழுக்கலாம். அதே 6 ஆம்பியரில் சி6 வாங்குங்கள். அது விழுவது 30-லிருந்து 60-க்குள். அதற்கு முன் டெர்மினல் ஸ்க்ரூவை இறுக்கச் சொல்லுங்கள், லூஸாக இருந்தால் சூடேறியும் விழும். ஐஎஸ்ஐ முத்திரையும் அதன் கீழே உரிம எண்ணும் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் யாருடைய உரிமம் என்று காட்டும். கடையில் நிற்கும்போதே பார்த்துவிடுங்கள். மாடல் எழுதிய பில்லும் வாங்குங்கள். மாற்றித் தர மறுத்தால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்ய அந்த பில் வேண்டும்.