வயர்லெஸ்காரர் எஸ்ஓஎஸ் போடாம ஓடிட்டாரா? டார்பிடோ அடிச்ச கப்பல் பத்தி வந்த ஒரு கேள்வி

தூத்துக்குடி பக்கத்துலேர்ந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. அவரோட கொள்ளுத்தாத்தாவுக்கு ஒரு தம்பி, பம்பாய்க்குப் போயி கப்பல்ல பண்டாரியா, அதாவது கப்பல் ஆளுங்களுக்கு சோறாக்கிப் போடுறவரா வேலை பாத்தாராம். 1942 நவம்பர்ல திலாவாங்கிற பயணிகள் கப்பல்ல போனவரு திரும்பி வரல. வீட்ல இன்னிக்கும் சொல்றது என்னன்னா, டார்பிடோ, அதாவது நீர்மூழ்கி தண்ணிக்குள்ள விடுற குண்டு, அடிச்சதும் வயர்லெஸ்காரன் முதல் போட்ல ஏறி ஓடிட்டான், காப்பாத்துங்கன்னு எஸ்ஓஎஸ்ஸே போடல, அதனாலதான் ரெண்டு நாளா ஒருத்தரும் வரலன்னு. இது உண்மையா, எங்க போய் செக் பண்றது, தாத்தா பேரு எங்கயாவது பதிவாயிருக்குமா, இதான் கேள்வி.

முதல்ல நேரா பதில் சொல்லிடறேன். ஓடல. திலாவாவோட முதல் ரேடியோ ஆபீசர், அதான் நீங்க சொல்ற வயர்லெஸ்காரர், கடைசி வரைக்கும் அனுப்பிட்டே இருந்து கப்பலோட போயிட்டாரு. உங்க வீட்டு ஆளுங்க பொய் சொல்றாங்கன்னு அர்த்தம் இல்ல தம்பி, ரெண்டு நாள் தண்ணில கெடந்துட்டு வந்தவனுக்கு யாராவது மேல கோவம் வரும்ல, கண்ணுக்குத் தெரியாம ஒரு ரூமுக்குள்ள உக்காந்திருந்தவன் மேல போடுறது ஈஸி. நானே இருபது வருஷத்துக்கு மேல கப்பல்ல அந்த ரூம்ல உக்காந்தவன், அதனால இதுக்குக் கொஞ்சம் நீளமா பதில் சொல்லுவேன், பொறுத்துக்கோங்க.

திலாவா பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கப்பல், பத்தாயிரம் டன். 1942 நவம்பர் 20 பம்பாய்லேர்ந்து மொம்பாசா, மபுட்டோ, டர்பன்னு ஆப்பிரிக்கா போற ரூட். பயணிகள் 732 பேரு, கப்பல் ஆளுங்க 222, பீரங்கிக்காரங்க 4, மொத்தம் 958. நவம்பர் 23 விடியறதுக்கு முன்னாடி ஜப்பான் நீர்மூழ்கி ஐ-29 அடிச்சுது. (இதே ஐ-29தான் அடுத்த வருஷம் ஏப்ரல்ல மடகாஸ்கர் பக்கத்துல ஜெர்மன் நீர்மூழ்கிலேர்ந்து நேதாஜியை ஏத்திக்கிட்டுப் போனது, இது நம்மாளுங்க பல பேருக்குத் தெரியாது.) முதல் அடிக்கு கப்பல் உடனே முழுகல, போட்ல இறங்கினவங்கள்ல சில பேரு கப்பல் நிக்குதேன்னு திரும்பி ஏறினாங்க, அப்புறம்தான் ரெண்டாவது டார்பிடோ வந்துச்சு. 280 பேரு போயிட்டாங்க. 678 பேரை காப்பாத்தினாங்க, கிட்டத்தட்ட எல்லாரையும் பர்மிங்காம்ங்கிற பிரிட்டிஷ் க்ரூசர் போர்க்கப்பல், மிச்ச சில பேரை கார்த்தேஜ்ங்கிற கப்பல். அது நவம்பர் 25. அந்த ரெண்டு நாள் உங்க வீட்ல சொன்ன மாதிரி நிஜம்தான்.

அப்போ எஸ்ஓஎஸ் போயும் ஏன் ரெண்டு நாளாச்சு? அனுப்புறது வேற, அது யார் காதுலயாவது விழுறது வேற, விழுந்தும் கெளம்பி வந்து சேர்றது வேற. இந்த மூணையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பிக்கிட்டுதான் முக்கால்வாசி குடும்பத்துல இந்த மாதிரி கதை ஓடுது.

அனுப்புறதைப் பாப்போம். பயணிகள் கப்பல்ல ரேடியோ ரூம் மேல, போட் டெக்குலயோ அதுக்கும் மேலயோ இருக்கும். ஆன்டெனாங்கிறது ரெண்டு பாய்மரக் கம்பத்துக்கு நடுவுல கட்டின நீளக் கம்பி. டார்பிடோ அடிச்சா மொத்தக் கப்பலும் சாட்டை மாதிரி ஒரு உதறு உதறும், அதுல அந்தக் கம்பி அறுந்து டெக்குல விழுந்தாலும் விழும், வால்வு உடையும், கீழ இஞ்சின் ரூம்ல தண்ணி ஏறினா டைனமோ போச்சு. அப்புறம் ரூம் பக்கத்துலயே வச்சிருக்கிற பேட்டரியும் எமர்ஜென்சி செட்டும்தான். 1915 மே 7-ல லூசிடானியாங்கிற பயணிகள் கப்பல்ல இதேதான் ஆச்சு, அயர்லாந்து கின்சேல் முனைக்குப் பக்கத்துல அடி வாங்கி 18 நிமிஷத்துல முழுகிடுச்சு, ராபர்ட் லீத்ங்கிற ஆபரேட்டர் உடனே வாங்க, கப்பல் ரொம்ப சாஞ்சிருச்சுன்னு திருப்பித் திருப்பி அனுப்பிட்டே இருக்காரு, நடுவுல கரண்ட் போயி எமர்ஜென்சிக்கு மாத்தி அனுப்பறாரு. அவரு பொழைச்சுட்டாரு, பிறகு விசாரணையில சாட்சியும் சொன்னாரு. கரை கண்ணுக்குத் தெரியுது, எஸ்ஓஎஸ்ஸும் போய்ச் சேந்துடுச்சு, அப்பவும் கிட்டத்தட்ட 1,200 பேரு செத்தாங்க. குயின்ஸ்டவுன் துறைமுகத்துலேர்ந்து கெளம்பின ஜூனோ க்ரூசரைத் திருப்பிக் கூப்பிட்டுட்டாங்க, அதையும் நீர்மூழ்கி அடிச்சுடும்னு பயம். சின்னப் படகுங்களும் மீன்பிடி படகுங்களும் வந்து சேர மணிக்கணக்காச்சு.

ரெண்டாவது உலகப்போர்ல சும்மா எஸ்ஓஎஸ் போட மாட்டாங்க. பிரிட்டிஷ் கப்பலுக்குன்னு தனிக் குறி இருந்துச்சு. நீர்மூழ்கி அடிச்சா நாலு எஸ், போர்க்கப்பல் தாக்கினா நாலு ஆர், வியாபாரக் கப்பல் வேஷம் போட்ட எதிரின்னா நாலு க்யூ, விமானம்னா நாலு ஏ. இதை ஒண்ணுக்கு மேல தடவை தட்டிட்டு கப்பல் பேரு, கூப்பிடும் குறி, இருக்கிற இடம், என்ன ஆச்சுன்னு ஒரு வார்த்தை. அவ்ளோதான். மோர்ஸ்ல, அதாவது புள்ளியும் கோடுமா தட்டி அனுப்புற முறையில, எஸ்ங்கிறது மூணு புள்ளி. கை நடுங்கினா மூணு நாலாயிடும், நாலு புள்ளின்னா அது எச், அஞ்சாச்சுன்னா அது 5-ங்கிற நம்பர். ரூம் சாஞ்சுகிட்டே போவுது, நாற்காலி வழுக்குது, ஒரு கையால மேசையப் புடிச்சுக்கிட்டு இன்னொரு கையால பன்னெண்டு புள்ளிய சுத்தமா தட்டணும்னா அதுக்குன்னு கை பழகியிருக்கணும். பயிற்சியில எங்களை வேகமாத் தட்டச் சொல்லல, வேகம் வேணாம்டா சுத்தமா தட்டுன்னுதான் திட்டுவாங்க.

அடுத்து இடம். இதுதான் உயிர்நாடி. பிரிட்ஜ்லேர்ந்து, அதாவது கப்பலை ஓட்டுற எடத்துலேர்ந்து, ஆபீசர் அப்பப்போ கப்பல் எங்க இருக்குன்னு துண்டுச் சீட்டுல எழுதி ரேடியோ ரூமுக்குக் குடுப்பாரு, அதை மோர்ஸ் தட்டுற கீ பக்கத்துலயே செருகி வச்சிருப்போம், இருட்டுல ஓடி வந்தாலும் கைக்கு எட்டணும்ல. அந்தச் சீட்டு போன வாட்ச்ல, அதாவது முந்தின ஷிப்ட்ல எழுதினதா இருந்தாலோ, மேகமா இருந்து நட்சத்திரம் பாக்காம கணக்கு மட்டும் போட்டதா இருந்தாலோ மைல் கணக்குல தப்பும். டைட்டானிக்கோட கடைசி இடம்னு அனுப்பினதுக்கும் கப்பல் கெடச்ச இடத்துக்கும் 13 கடல் மைல் வித்தியாசம், அது போரே இல்லாத காலம். அதுமேல போட்ல உக்காந்தவங்களை காத்தும் நீரோட்டமும் இழுத்துக்கிட்டுப் போவுது, மணிக்கு ஒரு மைல்னு வச்சாலும் ரெண்டு நாள்ல 48 மைல் தள்ளிப் போயிருப்பாங்க.

இனி காதுல விழுற கதை. அந்தக் காலத்துல எல்லாரும் கேட்டது 500 கிலோஹெர்ட்ஸ் அலை, அப்பத்திய பேச்சுல 600 மீட்டர். ராத்திரியில இலங்கை ரேடியோ நம்மூர்ல நல்லா இழுக்கும், பகல்ல கொரகொரன்னும், ஞாபகம் இருக்கா, அதே சங்கதிதான், இந்த அலையும் ராத்திரில தூரம் போகும் பகல்ல சுருங்கிடும். அப்ப ரேடியோ ரூம் கடிகாரத்துல 15-லேர்ந்து 18 நிமிஷம், 45-லேர்ந்து 48 நிமிஷம், ரெண்டு இடத்துல செவப்பா ஆப்பு மாதிரி வரைஞ்சிருக்கும், அந்த மூணு மூணு நிமிஷம் எவனும் வாயத் தெறக்கக் கூடாது, அபாயக் குரல் எதாவது கேக்குதான்னு உலகமே காது குடுக்கும். எங்க காலத்துல மெட்ராஸ் ரேடியோ, கப்பலுங்களோட பேசுற கரை நிலையம், வி.டபிள்யூ.எம்.னு குறி, அந்த மூணு நிமிஷம் அமைதியாயிடும்போது நிஜமாவே ஒரு மாதிரி இருக்கும். ஆள் தூங்கினாலும் எழுப்ப ஆட்டோ அலாரம் இருந்துச்சு, நாலு செகண்டு நீளக் கோடு பன்னெண்டு, நடுவுல ஒரு செகண்டு இடைவெளி, மொத்தம் ஒரு நிமிஷம் அனுப்பினா அக்கம்பக்கத்துக் கப்பல்ல மணி அடிக்கும். ஆனா மொதல்ல அக்கம்பக்கத்துல கப்பல் இருக்கணும். அதுவும் போர்க்காலத்துல ரேடியோ சைலன்ஸ், கேட்டாலும் கேட்டுச்சுன்னு பதில் போட மாட்டான், போட்டா திசை கண்டுபுடிச்சு அவனையும் அடிப்பாங்க. அதனால பதில் வரலன்னா யாரும் கேக்கலன்னு எடுத்துக்கக் கூடாது, இதைக் கொஞ்சம் மனசுல வச்சுக்கோங்க.

கேக்குறதுல இன்னொருத்தன் இருக்கான், அடிச்சவனே. ஜெர்மன் நீர்மூழ்கிங்க 600 மீட்டரைக் கேட்டுட்டேதான் இருக்கும், தான் அடிச்சது எந்தக் கப்பல்னு பல தடவை அந்தக் கப்பலோட அபாயச் செய்தியிலேர்ந்துதான் அவங்களுக்கே தெரிஞ்சுது. 1942 செப்டம்பர் 12 லக்கோனியாங்கிற பிரிட்டிஷ் கப்பல் கதை இன்னும் விசித்திரம். அதுல இத்தாலிக் கைதிங்க மட்டும் 1,800 பேருகிட்ட. அடிச்ச ஜெர்மன் நீர்மூழ்கி யூ-156 கேப்டன் ஹார்ட்டன்ஸ்டைன் தண்ணில தத்தளிக்கிற ஆளுங்களைப் பாத்துட்டு, மறைகுறி எதுவும் போடாம வெறும் இங்கிலீஷ்லயே ரேடியோல அனுப்பறாரு, என்னைத் தாக்காம இருந்தா காப்பாத்த வர்றவங்களை நானும் தாக்க மாட்டேன்னு இடத்தோட சொல்லி. அப்பவும் சில நாள்ல அமெரிக்க விமானம் வந்து குண்டு போட்டுது, அதுக்கப்புறம் இனிமே யாரையும் காப்பாத்தாதீங்கன்னு ஜெர்மன் நீர்மூழ்கிப் படைத் தலைவர் டோனிட்ஸ் உத்தரவு போட்டாரு.

வந்து சேர்றதுக்கு நான் சொல்றது ரெண்டே உதாரணம். 1939 செப்டம்பர் 3, பிரிட்டன் போர் அறிவிச்ச அன்னிக்கே அதீனியாங்கிற பிரிட்டிஷ் பயணிகள் கப்பல். அடிபட்டும் மறுநாள் காலை வரை மெதந்துச்சு, நாலு எஸ்ஸும் போச்சு, நார்வே கப்பல் ஒண்ணு, சுவீடன்காரர் ஒருத்தரோட சொகுசுப் படகு, பிரிட்டிஷ் டெஸ்ட்ராயர் போர்க்கப்பலுங்கன்னு ராத்திரியோட ராத்திரியா வந்துட்டாங்க, 1,400 பேருக்கு மேல இருந்ததுல நூத்துச் சொச்சம் பேருதான் செத்தாங்க. 1940 செப்டம்பர் 17 ராத்திரி சிட்டி ஆஃப் பெனாரஸ்ங்கிற பயணிகள் கப்பல். அதுலயும் செய்தி போச்சு, ஆனா கூட வந்த மத்த கப்பலுங்க நிக்கக் கூடாது, சிதறி ஓடணும்னுதான் உத்தரவு, ஹரிக்கேன் டெஸ்ட்ராயர் தூரத்துலேர்ந்து வந்து சேர மறுநாளாச்சு, அதுக்குள்ள குளிர்லயே பாதிப் பேரு போயிட்டாங்க, வெளிநாட்டுக்குப் பத்திரமா அனுப்பின 90 குழந்தைங்கள்ல 77 பேரு. ஒரு போட்டு எட்டு நாள் கழிச்சுக் கெடச்சுது, அதுல ஆறு பையங்களோட நம்ம ஊர் லஸ்கர் ஆளுங்களும், அதாவது கப்பல் தொழிலாளிங்களும் இருந்தாங்க.

திலாவா கெடந்தது செஷல்ஸ் தீவுலேர்ந்து ஏறக்குறைய 930 மைல் வடகிழக்குல. வேகமான போர்க்கப்பலே மணிக்கு 20 கடல் மைல் வேகத்துல ஓடினா ஒரு நாளைக்கு 480 கடல் மைல்தான். நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க, ரெண்டு நாள்ங்கிறது யாரும் வரலங்கிறதா, இல்ல வந்துட்டே இருந்தாங்கங்கிறதா.

எஸ்ஓஎஸ் நிஜமாவே போகாத கப்பலும் உண்டு. 1944 பிப்ரவரி 12, மொம்பாசாலேர்ந்து கொழும்புக்கு கான்வாய்ல, அதாவது பாதுகாப்போட கூட்டமா, வந்த கெடிவ் இஸ்மாயில் மாலத்தீவு பக்கத்துல ரெண்டே நிமிஷத்துக்குள்ள முழுகிடுச்சு, 1,297 பேரு போயிட்டாங்க. அங்க ஆபரேட்டர் ஹெட்போனைக் கழட்டக்கூட நேரம் இல்ல, அவரைப் போய் என்னன்னு குத்தம் சொல்றது.

இப்ப செக் பண்ற வேலைக்கு வரேன். கூகுள்ல திலாவான்னு போட்டா வெள்ளிக் கட்டிதான் வரிசையா வரும், அதுல இருந்த 2,364 வெள்ளிக் கட்டிய 2017-ல கடலுக்கு அடியிலேர்ந்து எடுத்து, அது யாருதுன்னு பிரிட்டிஷ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் 2024-ல போச்சு. அதைத் தள்ளிட்டு மூணு எடத்தைப் பாருங்க. லண்டன் பக்கத்துல கியூவுல இருக்கிற தேசிய ஆவணக் காப்பகத்துல ஏ.டி.எம். 199-ங்கிற வரிசையில, பொழைச்சு வந்த கேப்டனுங்களையும் ஆபீசருங்களையும் உக்கார வச்சுக் கேட்டு எழுதின அறிக்கைங்க இருக்கு, பல அறிக்கையில ரேடியோ என்னாச்சு, செய்தி போச்சா, பதில் வந்துச்சாங்கிறதையும் எழுதியிருப்பாங்க, உங்க கேள்விக்கு அதான் நேரான இடம். கப்பல் எப்ப எங்க போச்சுங்கிற அட்டை பி.டி. 389-ல, கப்பல் ஆளுங்க பட்டியல் பி.டி. 381-ல. பட்டியல் கேக்குறதுக்கு கப்பலோட அபிஷியல் நம்பர் வேணும், லாயிட்ஸ் ரெஜிஸ்டர்ங்கிற பழைய கப்பல் பதிவேட்டை ஸ்கேன் பண்ணி நெட்லயே கெடக்கு, அதுல எடுத்துக்கலாம். கேட்டலாக் பாக்குறது ஃப்ரீ, காப்பி எடுத்து அனுப்பச் சொன்னா காசு. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி பி அண்ட் ஓ கூட சேந்த கம்பெனிங்கிறதால அதோட பழைய ஆவணங்களுக்கு கிரீன்விச் கடல்சார் மியூசியத்தையும் கேட்டுப் பாருங்க.

ஒரு எச்சரிக்கை. அடிச்சவனோட லாக் புக் இருந்தா அதையும் பாக்கலாம், ஜெர்மன் கப்பல்னா நெறைய கெடைக்கும், ஆனா கண்ண மூடிட்டு நம்பாதீங்க. அதீனியாவை அடிச்ச யூ-30-ல அந்தத் தேதிப் பக்கத்தையே மாத்தி எழுதி வச்சாங்க, நாங்க அடிக்கவே இல்லன்னு சாதிச்சாங்க, நியூரம்பர்க் விசாரணையிலதான் வெளிய வந்துச்சு.

பேருக்கு வருவோம். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் தளத்துல தேடுங்க. கடல்ல போன இந்திய வியாபாரக் கப்பல் ஆளுங்க ஆறாயிரம் பேருகிட்ட பம்பாய் 1939-1945, சிட்டகாங் 1939-1945ங்கிற நினைவுச்சின்னங்கள் பேர்ல பதிவாயிருக்காங்க, லண்டன் டவர் ஹில்லுல இருக்கிற வியாபாரக் கப்பல்காரங்க நினைவுச்சின்னத்துல தேடி இல்லன்னு திரும்பிடாதீங்க, நம்மாளுங்களை அங்க பெரும்பாலும் வைக்கல. எழுத்துக்கூட்டல்தான் தலைவலி, பம்பாய் குமாஸ்தா காதுல எப்படி விழுந்துச்சோ அப்படி எழுதியிருப்பான். அந்தோணின்னா ஆன்டோனி, ஆண்டன், ஆந்தோனின்னு எல்லாம் போட்டுப் பாருங்க, அதைவிட கப்பல் பேரையும் 23 நவம்பர் 1942ங்கிற தேதியையும் போட்டு வடிகட்டி, வர்றவங்களை ஒவ்வொருத்தரா வாசிச்சுட்டு வர்றது மேல், வேலைங்கிற எடத்துல பண்டாரின்னு இருக்கான்னு பாருங்க. சில பேருக்கு அப்பா பேரும் ஊரும்கூட குடுத்திருப்பாங்க. அதனால வீட்ல வயசானவங்க யாரும் இருந்தா அவரோட அப்பாவை ஊர்ல என்ன பேரு சொல்லிக் கூப்பிட்டாங்க, ஞானஸ்நானப் பேரு என்ன, அப்ப ஊருக்கு என்ன பேருன்னு இன்னிக்கே கேட்டு எழுதி வச்சிக்கோங்க, மிச்சத்தை அப்புறம் பாத்துக்கலாம்.